வயலுக்கடியில் ஒரு தலைநகர்!

அரியலூர் என்றதும் ஆபீஸ் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டே விஷயம். ஒன்று சிமென்ட். இன்னொன்று மாவட்டக் குழப்பம்! 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள். மறு வருஷமே சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். புருஷன் - பெண்டாட்டி கூட இத்தனை தடவை சேர்ந்து பிரிய மாட்டார்கள்!

ஆனால், சார், சோழ சாம்ராஜ்யத்துக்கே சுமார் 250 வருஷம் தலைநகரம் இந்த மண்தான். ஜெயங்கொண்டத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போனால் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி ஜெயித்த ராஜேந்திரன், 1025 வாக்கில் தஞ்சாவூரை விட்டு இங்கே ஜாகை மாற்றினான். அப்போது ஜப்பானுக்குத் தலைநகர் கியோட்டோ. அது இன்றைக்கும் ஜேஜே என்று பெரிய நகரம். இங்கே?

கோயில் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. தஞ்சாவூர் விமானம் விறைப்பாக நிற்கிற அப்பா என்றால், இது கொஞ்சம் வளைந்து குழைந்து உயர்கிற பிள்ளை. உயரத்திலும் அப்பாவை மிஞ்சவில்லை, மரியாதை! சண்டேசர் தலையில் சிவபெருமான் பூமாலை சுற்றுகிற சிற்பத்தின் முன்னால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாயிற்று.

முக்கால்வாசிப் பேர் கோயில், போட்டோ, சிங்கக் கிணறு, உடனே பஸ்! அப்படியானால் நகரம் எங்கே?

கொஞ்சம் மேற்கே மாளிகைமேட்டுக்குப் போனேன். அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் குழிக்குள் தெரிகிறது. தோண்டியபோது கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டெல்லாம் கிடைத்திருக்கிறது. சீனத்துத் தட்டு புழங்கிய வீட்டில் இப்போது ஆடு மேய்கிறது. மனசு என்னவோ செய்தது.

கங்கை நீரை ஊற்றி, வெற்றித் தூணுக்குப் பதில் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரிக்கு இன்று பொன்னேரி என்று பெயர்.

சோழர் ஆட்சி 1279-ல் முடிந்தது. மிச்சம் இருந்ததையும் விட்டார்களா? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கோயில் மதில் கல்லையே வெள்ளைக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்தார்கள், கிடைத்தது தண்டனை. கல்லுக்குப் பதில் செங்கல் சுவர் கட்டித் தருகிறோம் என்று வாக்கு வேறு. கட்டவில்லை! அணையால் வயல்கள் விளைந்தது நிஜம். மதில் போனதும் நிஜம்.

ஆனால், பெயரைப் பெயர்க்க முடியவில்லை பாருங்கள். சுற்றியிருக்கிற ஊர்ப் பலகைகளைப் படியுங்கள். உட்கோட்டை. ஆயுதக்களம். மெய்க்காவல்புத்தூர். கோட்டை, ஆயுதசாலை, மெய்க்காப்பாளர் குடியிருப்பு என்று அழிந்த நகரத்தின் வரைபடமே ஜனங்கள் வாயில் இருக்கிறது!

அடுத்த லீவுக்கு வாருங்கள். உட்கோட்டையில் டீ குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள் குடிப்பது ராஜேந்திரன் கோட்டைக்குள்ளே!