கண்ணாடிப் பேழையும் எங்கள் அலமாரியும்

மதுரைத் தமுக்கம் அரண்மனை ஒரு காலத்தில் இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அதனைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், எங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம்.

1948 ஜனவரி 30 அன்று அண்ணல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடை, குருதிக் கறையோடு கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அதன்முன் நின்ற சிறுவன் ஒருவன், "இதை ஏன் சார் துவைக்கவில்லை?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தனர். "துவைத்துவிட்டால் நாம் செய்தது நமக்கே மறந்துபோகும்" என்றோம். சொன்ன விடை எங்களையே சுட்டது.

பிறகு மேலமாசி வீதிக்குச் சென்றோம். 1921 செப்டம்பர் 22 அன்று காலை, அங்கே ஒரு வீட்டின் மாடியில்தான் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். மதுரைக்கு வந்த இரயிலில் உடன் பயணம் செய்தோரைக் கதர் உடுத்தும்படி அவர் வேண்டினார். விலை கொடுத்து வாங்க வசதியில்லை என்றனர் அவர்கள். அவர்களுடைய வறுமைக்கு ஏற்பத் தம் ஆடையையே அவர் குறைத்துக்கொண்டார்.

நாங்கள் செய்ததோ வேறு. அதற்கு முந்திய கிறிஸ்து பிறப்பு விழாவின்போது எங்கள் அன்பியம் ஏழைகளுக்கெனத் துணி சேகரித்தது. மூன்று மூட்டை சேர்ந்ததென்று மகிழ்ந்தோம். விழா முடிந்த வாரம், கோவில் திண்ணையில் ஒரு சேலை துவைத்து மடிக்கப்பட்டு இருந்தது. பிரித்தால், முந்தானையருகே கை நுழையும் கிழிசல். எங்கள் வீட்டிலிருந்து போன சேலை அது! திருப்பித் தந்தவர் யாரென்று விசாரிக்கவில்லை. தெரிந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற அச்சம்.

மதுரையிலிருந்து திரும்பியபின் விசாரித்தோம். பாஸ்கா விழாவுக்கென எடுத்துவைத்த புதுச் சேலையுடன் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனோம். "உட்காருங்க" என்று பாய் விரித்தார். கிழிந்த சேலையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியவர்கள் நாங்கள். மன்னிப்புக் கேட்ட பின்னரே புதுச் சேலையை நீட்டக் கை எழுந்தது.

அந்தக் கிழிந்த சேலை இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அதைத் தைக்க மனம் வரவில்லை.