எல்லாம் நார்மல்

புரட்டாசி, திங்கள்

எந்த டாக்டரும் முதலில் கேட்பது, "எப்போலேர்ந்து வலி?" கள்ளக்குறிச்சியில் ஒரு பதில் சொன்னேன். விழுப்புரத்தில் வேறொன்று. இரண்டும் பொய்யில்லை. பங்குனியிலா, அதற்கும் முன்பா, எனக்கே பிடிபடவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன், பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில்.

இன்றைய நிலவரம்: உட்கார்ந்தால் அடிவயிற்றில் இடது பக்கம் திருகுகிறது. நின்றால் பரவாயில்லை. ஒன்றுக்குப் போய் வந்த பிறகும் எரிச்சல். ஸ்கேனில் கருப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் நார்மல். யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை. "சந்தோஷப்படுங்க டீச்சர்" என்றார் டாக்டர். பில் கட்டும் வரிசையில் நின்றுகொண்டே சந்தோஷப்பட்டேன். உட்கார முடியவில்லை.

புதன்

அத்தை சூடு என்கிறார். ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். குளுகுளு என்றிருக்கிறது. வலியும் இருக்கிறது.

வெள்ளி

இன்னொரு டாக்டர். ரிப்போர்ட்டை இரண்டு நிமிடம் புரட்டினார். "குழந்தைங்க ரெண்டு இருக்குதில்ல? கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லை விட்டுதும்மா." நார்மல் என்று எழுதியிருக்கும் ஒன்றை எதற்கு எடுப்பது? கேட்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று தனியாகக் கேட்டேன்.

தேதி இல்லை

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது கோபமா, பயமா?

ஐப்பசி, ஞாயிறு

மழை. மதியம் முழுக்கக் கருப்பை நீக்கம் பற்றிப் படித்தேன். தூங்கியிருக்கலாம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம். கரும்பு வெட்டப் போகும் பெண்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். 2019ல் செய்தி வெடித்தபின் அந்த அரசு அமைத்த குழு 80,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தது. அவர்களில் 13,000 பேருக்கு மேல் கருப்பையை எடுத்திருந்தார்கள். இளம்பெண்களும் உண்டு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் நடந்த அறுவைகளைக் குறித்து டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் மத்திய அரசின் நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும் என்றது.

எங்கள் ஊரைச் சுற்றியும் கரும்புதான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு டிராக்டர் போகிற சத்தத்தில்தான் தை மாதம் முழுக்கத் தூங்குவோம். இங்கே யாருக்கு எடுத்திருக்கிறது என்று மனசுக்குள் தெருவை நடந்து பார்த்தேன். எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரிந்து சிலர். ஏன் எடுத்தார்கள் என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை.

எடுத்தவர்களுக்கு வலி போயிற்றா என்றும்.

செவ்வாய்

வலி ஏழு. ஐந்து பீரியடும் நின்றே நடத்தினேன். ஹெட்மாஸ்டர் பாராட்டினார்.

கார்த்திகை, சனி

திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி. பஸ்ஸில் பாதி தூரம் நின்றே போனேன். இடம் இருந்தும் நிற்கிறவளைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

இந்த வலிக்கென்று ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா இருக்கிறார் என்று நர்ஸாக இருக்கும் தோழி சொல்லித்தான் போனேன். பிசியோ என்றால் முட்டிக்கும் முதுகுக்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் அரை மணி நேரம் கேள்விகள் மட்டும். எப்போது தண்ணீர் குடிப்பீர்கள்? எத்தனை மணிக்கொரு முறை பாத்ரூம்? முக்குவீர்களா? வீட்டுக்காரரோடு சேரும்போது வலிக்கிறதா? கடைசிக் கேள்விக்குச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன். "எல்லாரும் அந்தக் காலண்டரத்தான் பாப்பாங்க" என்றார்.

பாத்ரூம் கணக்குதான் அவரை நிமிர வைத்தது. காலை எட்டு மணிக்கு வீட்டில். பிறகு மாலை வீட்டில். நடுவில் பள்ளி. பெண் ஆசிரியர்களுக்கென்று இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பல நாள் தண்ணீரும் இல்லை. ஆகவே நான் தண்ணீர் குடிப்பதில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான். ஸ்டாஃப் ரூமில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். மூன்று நான்கு மணிக்கொரு முறை போக வேண்டும் என்றார்.

பிறகு அட்டையில் வரைந்து காட்டினார். முன்னெலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரைக்கும் இடுப்புக்கூட்டின் அடியில் தசைகள் ஏணைச் சேலை மாதிரி தொங்குகின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல். மூன்றின் வாசலும் அதற்குள்ளேதான். மூச்சை இழுத்தால் உதரவிதானம் இறங்கும், கூடவே இதுவும் இறங்கும். விட்டால் இரண்டும் ஏறும். "உங்களுக்கு இது இறங்கவே மாட்டேங்குது. புடிச்ச புடி விடல."

பரிசோதனைக்கு முன் ஒவ்வொரு அடிக்கும் சம்மதம் கேட்டார். எந்த டாக்டரும் கேட்டதில்லை. கையுறை போட்ட விரலால் உள்ளே இடது ஓரத்தில் ஓரிடத்தை லேசாக அழுத்தினார். அதே வலி. அடிவயிற்றில், இடது பக்கம், அதே திருகல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதம் இது அங்கேயா இருந்தது!

ஓய்வில் எடுத்த ஸ்கேன் படத்தில் தசையின் பிடிப்பு தெரியாதாம். உறுப்பு நன்றாக இருக்கும், தசை இறுகியிருக்கும், நரம்பு உஷாராகவே இருக்கும். கிருமி இல்லாமல் எரியும். எல்லா வலிக்கும் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ் போன்றவையும் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடும், அதனால் மகப்பேறு டாக்டரையும் விடக் கூடாது.

தோழி இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியும் சொல்லியிருந்தாள். அது உங்களுக்கு இல்லை என்றார். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948ல் எழுதியது, பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசைக்கு. இறுகிப்போனதை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். எனக்குத் தந்தது மூச்சு மட்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி இழுத்து, மெதுவாக விடுவது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று விழுப்புரம் வரை எரிச்சலாக இருந்தது.

திங்கள்

குடித்த தண்ணீர், கழித்த அளவு, நேரம் எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார். அளவு பார்க்க லேபிலிருந்து மூக்குடைந்த பீக்கர் ஒன்றை எடுத்து வந்தேன். அத்தை அதில் மோர் ஊற்றப் போனார். பாய்ந்து பிடுங்கினேன்.

வியாழன்

மூச்சு விடத் தெரியவில்லை எனக்கு. வயிற்றை உப்பவிட்டால் யாரோ பார்த்துவிடுவார்கள் என்று இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது.

மார்கழி, செவ்வாய்

பத்தாம் வகுப்பு. இனப்பெருக்க மண்டலம். போர்டில் வழக்கம்போல் வரைந்தேன்: நடுவில் கருப்பை, இரு பக்கமும் குழாய்கள், சினைப்பைகள். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், இது எது மேல நிக்குது? கீழ வுழுந்துறாதா?"

வகுப்பே சிரித்தது. நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். கருப்பை அந்தரத்தில் தொங்குகிறது. நான் படித்த புத்தகத்திலும் அப்படித்தான். வருஷா வருஷம் நான் வரைந்ததும் அப்படித்தான். கீழே ஒரு வளைகோடு போட்டு, தசை என்று எழுதினேன். பரீட்சைக்கு வருமா என்றான் ஒருவன். வராது என்றேன். அழித்துவிட்டான்.

பிரதோஷம்

அர்த்தநாரீஸ்வரர் கோயில். தேனபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்று வெளியூரிலிருந்தும் வந்திருந்தார்கள். நல்ல தள்ளுமுள்ளு. எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. உட்கார முடியாமல் தூணோரம் போனால் அங்கே அத்தை ஏற்கெனவே நிற்கிறார், காலைப் பின்னிக்கொண்டு, தூணில் சாய்ந்து. "முட்டி வலியா அத்தை?" "ஆமா." எங்கள் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் நின்றபடியே சாமி கும்பிட்டோம்.

சனி

இவரிடம் சொன்னேன். பிசியோ அம்மா கொடுத்த அட்டைப் படத்தையும் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப் புடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். வலி ஐந்து.

மார்கழி, கடைசி ஞாயிறு

மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம், அத்தையும் நானும். அட்டை தரையில் கிடந்தது. என்னம்மா இது என்றார். ஏணை, மேலே இருப்பவை, என்னுடையது இறுகிப்போனது, எல்லாம் சொன்னேன். பத்துப் பதினைந்து காய் உரிக்கும் வரை பேச்சில்லை.

"அந்த ஏணை கிழிஞ்சி போனா என்னா ஆவும்?"

நான் ஏதோ பாடம் எடுக்க வாயைத் திறந்தேன். அவர் மொச்சையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார். மூன்றாவது பிள்ளை வீட்டில் பிறந்தது. மாட்டுக்குத் தோகை இல்லை என்று பச்ச உடம்போடு போய் ஒரு கட்டுத் தூக்கினார். வரப்பு ஏறும்போது என்னமோ கீழே வந்து நின்றது. கையால் தள்ளிவிட்டு மறுபடி தூக்கினார். அதன்பின் இரண்டு பிரசவம். "அடி எறங்கிடுச்சு. துணிய மடிச்சி வச்சிக் கட்டிக்குவேன். ஒன்னுக்குப் போவ குந்தினா, அத மேல தள்ளிப் புடிச்சாத்தான் வரும்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிக்கினாரு. அதுக்கப்புறம் பக்கத்துல வரல." ஒரு காயை உரித்துப் போட்டார். "நல்லதாப் போச்சு."

பிறகு தலையைத் தூக்கி, "அவங்கிட்ட சொல்லாத" என்றார்.

அதே இரவு

தூக்கம் வரவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்காவிடம் அத்தை கையை நீட்டுவார், மாத்திரை வாங்குவார், சாயா கொடுப்பார். இதைச் சொன்னதில்லை. அந்த அக்காவும் கேட்டிருக்க மாட்டார். கேட்க அவர் கையில் இருக்கும் படிவத்தில் இடம் இருக்கிறதோ என்னவோ.

தை, புதன்

டாக்டர்கள் ராணி பங்கும் அபய் பங்கும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் செய்த ஆய்வு, 1989ல் 'லான்செட்'டில் வந்தது. இரண்டு கிராமங்கள், 650 பெண்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மகளிர் நோய். அதற்கு முன் பரிசோதனைக்குப் போயிருந்தவர்கள் 8 சதவீதம்.

நம் பக்கத்திலும் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981ல் தலித் பெண்களோடு தொடங்கிய ருவ்செக் அமைப்பின் சுந்தரி ரவீந்திரன், சாவித்திரி, பவானி மூவரும் கருப்பை இறங்கிய பெண்களிடம் பேசி 1999ல் எழுதினார்கள். படிக்கப் படிக்க அத்தையின் குரலாகவே இருந்தது.

கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாமா படத்துக்கு இன்று பூ வைக்கவில்லை. அத்தை கவனித்தார், தானே வைத்தார்.

வெள்ளி

பிசியோ அம்மாவிடம் போனில் கேட்டேன். இறக்கம் கொஞ்சம் என்றால் இறுக்கும் பயிற்சியே உதவும், அத்தைக்கு அந்தக் கட்டம் தாண்டியிருக்கலாம். சிலிக்கோனில் செய்த வளையம் ஒன்று உண்டு. டாக்டர் பார்த்து அளவு எடுத்து உள்ளே வைப்பார். கருப்பையைத் தாங்கிக்கொள்ளும். அவ்வப்போது எடுத்துக் கழுவிப் போட வேண்டும், டாக்டரிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டும். சரிவராவிட்டால் அறுவை. மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இறக்கத்தைக் கூட்டும், அதையும் பார்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் ஒருத்திக்கு விட வேண்டும், ஒருத்திக்குப் பிடிக்க வேண்டும்.

அத்தையிடம் சொன்னேன். "வளையமா? இந்த வயசுலயா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு

சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி தூரமில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். அத்தை வர மாட்டேன் என்கிறார். படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்களாம், தெரிந்த முகம் இருக்குமாம். புதுச்சேரி என்றால் யோசிக்கலாம். அதற்கு இவரிடம் காசு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். "உனக்குத் துணைக்கு வரேன்னு சொல்லிடு" என்கிறார். என் வலியைச் சொல்ல இத்தனை மாதம் ஆயிற்று. இப்போது அத்தையுடையதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கள்

இரண்டாவது பீரியடில் உட்கார்ந்தே நடத்தினேன். மதியம் தண்ணீர் குடித்தேன். பிறகு தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு மாணவியைக் கதவருகே நிறுத்தி வைத்தேன். தாழ்ப்பாள் கேட்டு எழுதிய மனுவில் ஸ்டாஃப் ரூம் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் என்னிடம் தனியாக வந்து, "எனக்கும் அந்த மாதிரிதான் எரியுது" என்றார்.

மாசி, வியாழன்

வலி மறுபடியும் ஏழு. காரணம் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி எல்லாம் ஏமாற்று என்று தோன்றியது. செய்தேன்.

சனி

செவ்வாய்க்கிழமை புதுச்சேரி போக லீவு எழுதிவிட்டேன். அத்தை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். வலி திரும்பி வருவது வழக்கமா? வேறு சோதனை வேண்டுமா? வளையத்தை எத்தனை மாதத்துக்கொரு முறை காட்ட வேண்டும்?

பின்னால் வந்து நின்று, எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்:

"அத வச்சிக்கினு களை எடுக்கக் குந்தலாமான்னு கேளு."