பர்கர் கடையில் நான் கேட்கும் ஒரே கேள்வி

திருப்பத்தூர்ல இப்போ பிரியாணி மட்டும் இல்ல. பர்கர், ஷவர்மா எல்லாம் வந்தாச்சு. ஜவ்வாது மலைக்குப் போற வழியில வண்டியை நிறுத்தி நானும் குடும்பத்தோட சாப்பிடுறவன்தான். அதனால இது பயமுறுத்துற பதிவு இல்ல.

சில வருஷம் முன்னாடி, பர்கர் சாப்பிட்ட மறுநாள் என் மகளுக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. மயோனைஸ்தான் காரணம்னு நிரூபிக்க முடியாது. ஆனா கல்லா பக்கத்துல வெயில்ல இருந்த அந்த பாட்டிலைப் பார்த்தும், ஒரு டாக்டரான நான் பேசாம இருந்தேன். அது இன்னும் உறுத்துது.

பச்சை முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடிக்கிற மயோனைஸ் அடுப்பையே பார்க்காது. முட்டையில சால்மோனெல்லா கிருமி இருந்தா, வெளியில வைக்க வைக்கப் பெருகும். அதனாலதான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் இதுக்கு ஓராண்டு தடை போட்டது.

"சுஷியும் பச்சை மீன்தானே டாக்டர்?"

மைனஸ் 20 டிகிரியில 7 நாள் உறைய வெச்சா மீன்ல இருக்கிற புழுக்கள் சாகும். பாக்டீரியா சாகாது. அதனால பரிமாறும் வரை குளிர்ச்சி குறையக் கூடாது.

ஆம்பூர் பிரியாணிக்கு நேர் எதிர் கணக்கு. தம்மிலிருந்து ஆவி பறக்க வர்ற சூடுதான் அதுக்குப் பாதுகாப்பு. ஆறி மணிக்கணக்கா கிடந்தா அதுவும் வம்புதான்.

சூடா இருக்க வேண்டியது சூடா, குளிரா இருக்க வேண்டியது குளிரா. அவ்வளவுதான்.

அடுத்த தடவை கூச்சப்படாம கேளுங்க: "அண்ணே, மயோனைஸ் முட்டை இல்லாததா? ஃபிரிட்ஜ்ல இருந்ததா?"

நான் அன்னைக்குக் கேட்கல. நீங்க கேளுங்க.