எட்டும் கை

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியரிடத்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையாகவே இருத்தல் வேண்டும். யாம் எழுதப் புகுந்ததோ, மேனாட்டு இசைக்கருவியொன்றின் அருகே சில சிறு பெட்டிகளை எங்கே வைப்பது என்னும் பொருள்பற்றி. மாணாக்கர் நகைப்பின் நகைக்க. இரண்டு நாள் எம்மைத் துயிலவிடாது வைத்திருந்த வினா இது.

கருவியின் பெயர் பெடல் ஸ்ரீல் கிற்றார். கிற்றார் என்றதும் மார்போடு அணைத்து மீட்டுவது நினைவுக்கு வரும். இஃது அன்னதன்று. நான்கு கால்களில் நிற்கும் ஒரு நெடும்பலகை. அதன்மேற் பத்து நரம்புகள். இசைப்பவர் மேசைமுன் எழுத அமர்ந்தார்போல அமர்ந்து, இடக்கையிற் பிடித்த உருக்குக் கட்டையை நரம்பின்மேல் வழுக்கி, வலக்கை விரல்களில் நகங்கள் மாட்டித் தெறிப்பர். நரம்பின்மேல் உலோகத்தை வழுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவினராகிய யோசேப் கெக்குக்கு பரப்பினார். நம்மவர்க்கு இது புதிதன்று. கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணையிலும் கட்டையே நரம்பின்மேல் ஓடுகின்றது. வடநாட்டிற் பிரிஜ் பூஷண் கப்ரா இக்கிற்றாரை இராக இசைக்கு உரியதாக்கினார். 1967இற் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா என்பவர்களோடு அவர் வாசித்த இசைத்தட்டு உலகெங்கும் கேட்கப்பட்டது.

ஆயின் சித்திரவீணைக்காரரின் கால்கள் மடங்கி ஓய்ந்திருக்கும். கப்ரா அவர்களின் கால்களும் அவ்வாறே. பெடல் ஸ்ரீலில் இடக்கால் மூன்று மிதிகளின்மேல் இருந்து, மிதிக்குந்தோறும் குறித்த நரம்புகளின் சுருதியை உயர்த்தும். முழங்கால்களின் இருமருங்கும் தொங்கும் நெம்புகோல்களைத் தள்ளினால் வேறு நரம்புகள் ஏறும் அல்லது இறங்கும். வலக்கால் ஒலியளவை ஆளும் தனி மிதியின்மேல் இருக்கும். 1954இல் வெப் பியர்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் பாட்டொன்றிற் பட் ஐசக்ஸ் என்பவர், நரம்பு ஒலித்துக்கொண்டிருக்கும்பொழுதே மிதியை அழுத்திச் சுரத்தை வளைத்தார். அதுமுதற் கால் சுருதி மாற்றும் ஏவலாளாக இராது பாடும் உறுப்பாயிற்று. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கால்: ஆறும் வேலையில்.

இனி அச்சிறு பெட்டிகள். எதிரொலி, முழக்கம் முதலியவற்றை ஒலியோடு சேர்க்கும் மின்பெட்டிகளை எஃபெக்ற்ஸ் பெடல் என்பர். நின்று வாசிக்கும் கிற்றார்க்காரர் காலால் தட்டுதற்கென்றே அவை தரையில் வைக்கும் வகையிற் செய்யப்பட்டவை. ஆறு உறுப்பும் வேலையிலுள்ளவர் அவற்றை எதனால் தட்டுவர்?

எம்மிடம் தமிழ் கற்ற தம்பியொருவர் இவ்வினாவை நாரந்தனைக்குக் கொண்டுவந்தார். ஊர் அதுவே; தனிநாயகம் அடிகள் 1913இற் பிறந்த கரம்பொனுக்கு அயலூர். தம்பி இப்பொழுது ரொறன்ரோவில் வாழ்பவர்; பகலில் தொழிற்சாலை, வார இறுதியில் வெள்ளையர் இசைக்குழுவொன்றில் இக்கருவி. தந்தையாரின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தவர், கருவியைக் கழற்றிப் பெட்டியில் அடக்கி உடன்கொணர்ந்திருந்தார். தந்தையார் பாடிவந்த தேவாரம் மூன்றினை அன்று மாலை வீட்டு விறாந்தையில் வாசிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அத்தந்தையாரை யாம் அறிவோம். கொல்லிப் பண்ணில், இக்காலத்தார் நவரோசு என்னும் இராகத்தில், அடியின் ஈற்றுச் சொல்லை நீட்டி நிறுத்தி, அது தானாக அடங்கும்வரை அடுத்த அடியைத் தொடார். முன்னாளில் அவரிடம் கையார்மோனியம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தீவகத்தார் கையிற் கொண்டது கொண்டு புறப்பட்டபொழுது அது வீட்டோடு நின்றது. பின்னர் ஊர் திரும்பியபொழுது சுவர்களே எஞ்சியிருந்தன. அதன்பின் பக்கவாத்தியம் எதுவுமின்றியே பாடினார். தம்பி கேட்டு வளர்ந்தது அந்தத் தனிக் குரலையே. ஆகலின் தாமும் பக்கவாத்தியமின்றி வாசிப்பதென்றும், அடியின் ஈற்றில் மட்டும் எதிரொலியைச் சேர்த்து, அடுத்த அடி தொடங்குமுன் அதனை நீக்கிவிடுவதென்றும் எண்ணியிருந்தார். நீக்காவிடின் அசைவுகளெல்லாம் ஒன்றன்மேலொன்று படிந்து கமகம் குழம்பிப்போம்.

முதல் நாள் ஒத்திகையில் இடர் வெளிப்பட்டது. ரொறன்ரோ வழக்கப்படி எதிரொலிப் பெட்டி வலக்காலருகே தரையில் இருந்தது. அடியின் ஈற்றில் வலக்காலைத் தூக்கிப் பெட்டியைத் தட்டினார். அந்த நொடியிலேயே சுரம் இறந்தது. அங்கே இசைக்குழுவினர் ஐவர் சூழ இருப்பர். ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்புவர். எவர் செவிக்கும் அது தோன்றாது. நாரந்தனை விறாந்தையில் நிரப்புவார் எவருமிலர். “அப்பா இப்பிடி வெட்டிப் பாடமாட்டாரே, தம்பி” என்றார் தாயார். அவ்வளவுதான் சொன்னார். தம்பி கட்டையைக் கீழே வைத்துவிட்டார். வாசிப்பையே கைவிடுவார்போலத் தோன்றியது.

“சேர், இது என்ர பிழையோ, பெட்டியின்ர பிழையோ?” என்றார். இரண்டின் பிழையுமன்று, வைத்த இடத்தின் பிழை என்று எமக்குப் பட்டது. செய்யுளை அலகிடுவார் சீர்சீராகப் பிரித்து எழுதுவரன்றோ? ஒரு கொப்பியிற் கோடுகள் வரைந்து, ஓர் அடியை மெல்ல வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தும் எவ்வுறுப்பு யாது செய்கின்றது என்று குறித்தோம். அடியின் ஈற்றிலே, இடக்கால் இரண்டு மிதிகளை அழுத்தியபடி நிற்கின்றது. எடுத்தாற் சுருதி மாறும். இடக்கை கட்டையை மெல்ல அசைத்துச் சுரத்துக்கு உயிரூட்டுகின்றது. வலக்கால்தான் அங்கே தலையாய வேலை செய்வது: தெறித்த நரம்பின் ஒலி இயல்பாகத் தேயத் தேய, மிதியைச் சிறிது சிறிதாக அழுத்தி அத்தேய்வை ஈடுசெய்து ஒலியை நீட்டுகின்றது. அதனைத் தூக்குவது மூச்சை நிறுத்துவதற்கு ஒப்பாகும். எஞ்சியது வலக்கை. தெறித்தபின் அடுத்த தெறிப்புவரை அதற்கு யாதொரு வேலையுமில்லை! வினைமிக்க உறுப்புக்கே இன்னொரு வினையையுங் கொடுத்துவிட்டு, ஓய்ந்த கையைப் பார்வையாளனாக வைத்திருந்தது அந்தப் பழைய ஏற்பாடு.

அடுத்து, கொணர்ந்த பெட்டிகள் நான்கு. பாட்டின் நடுவே தொடவேண்டியது எது என்று கேட்டோம். எதிரொலி ஒன்றே. சுருதி காட்டும் பெட்டியும் ஏனைய இரண்டும் தொடங்குமுன் ஒருமுறை சரிசெய்தாற் போதும். அவை தரையில், நாற்காலிக்குப் பின்னே சென்றன. நான்குக்கு இடந்தேடித் திகைத்தவர் ஒன்றுக்கு இடந்தேடினார்.

இவ்விடத்து நம் தீவகத்துப் பனையேறும் தொழிலாளரை நினைக்கின்றோம். கால்கள் தளைநாரிற் பிணைந்திருக்கும். ஒரு கை மரத்தை அணைத்திருக்கும். பாளைக்கத்தியோ இடுப்பிற் கட்டிய கூட்டில், நோக்காமலே கை சென்று விழும் இடத்தில் இருக்கும். மேலேறிய பின் கத்தியைத் தேடுவார் எவருமிலர். தேவாலயங்களிலே காற்றூதி வாசித்த கால் ஆர்கனிலும் இவ்வறிவைக் காணலாம். இரண்டு கால்களும் துருத்தியை மாறி மாறி மிதித்தன, கைகள் கட்டைகளின்மேல், ஆகையால் ஒலியை உயர்த்தும் நெம்புகோல் முழங்காலுக்குக் கொடுக்கப்பட்டது. பெடல் ஸ்ரீலின் முழங்கால் நெம்புகோலைக் கண்டபொழுது எமக்கு அந்த ஆர்கனே தோன்றிற்று.

பழந்தமிழர் யாழ் நூலாசிரியர் வகுத்த இசைக்கரணம் எட்டு: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. எட்டும் கைத்தொழில். காலுக்கொரு கரணம் வகுக்க அவர்க்கு நேரவில்லை. விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அவர் இக்கருவியைக் கண்டிருப்பின் என்ன பெயர்கள் இட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிப் பார்ப்பதற்கு மேல் துணிவில்லை.

மறுநாட் காலை வேலை தொடங்கிற்று. அயலிலுள்ள தச்சர் வேப்பம்பலகையொன்றைச் சாண் அகலத்தில் அறுத்துத் தந்தார். முதலில் அதனைக் கருவியின் வலப்பக்கக் காலோடு பிணைத்தோம். ஆகவில்லை. காலுக்கென்று செய்த விசை மிக இறுகியது. கையால் அழுத்தியபொழுது கருவி முழுதும் அதிர்ந்தது, நரம்பின்மேற் கட்டை நடுங்கியது, அவ்வதிர்ச்சி ஒலிபெருக்கியிற் “டொக்” என்று கேட்டது. பலகை கருவியைத் தொடாது தனித்து நிற்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. ஒலிபெருக்கி வாடகைக் கடையில் மைக் கம்பொன்று பெற்றுப் பலகையை அதன் தலையிற் பொருத்தினோம். அழுத்தினாற் கம்பு சரிந்தது. தாயார் அடுக்களைக்குட் சென்று அம்மிக் குழவியைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்தார். அதன்பின் அசையவில்லை.

உயரமும் முக்கியமாயிற்று. நரம்பு மட்டத்துக்கு மேலே வைத்தாற் கை ஏறவேண்டியிருந்தது. மிகத் தாழ்த்தினால் உடல் சாய்ந்தது. உடல் சாயின் முழங்கால் நெம்புகோலில் முட்டிச் சுருதி பிறழ்ந்தது. நரம்பு மட்டத்துக்கு நான்கு விரற்கிடை கீழே, கருவியின் வலப்பக்க ஓரத்திலிருந்து ஒரு சாண் தொலைவில், கை இயல்பாக இறங்கும் இடத்தில் நிறுத்தினோம். விரல்களில் உலோக நகங்கள் இருந்தமையால் விரலால் அழுத்த முடியவில்லை. சுண்டுவிரற் பக்கத்து உள்ளங்கை விளிம்பால் அழுத்தப் பழகினார். கம்பியின் ஒழுங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. கருவியிலிருந்து ஒலியளவு மிதிக்கு, மிதியிலிருந்து எதிரொலிப் பெட்டிக்கு, பின்னரே ஒலிபெருக்கிக்கு. பெட்டியை மிதிக்கு முன்னே வைப்பின், காலை எடுத்ததும் எதிரொலியும் உடன் அறுந்துவிடும். பின்னே வைப்பின் மிதி மூடியபின்னும் அது தானாகத் தேய்ந்து அடங்கும். தந்தையாரின் ஈற்றுச் சொல் அடங்கியதுபோல. (கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, நம்முடையது 230. அங்கிருந்து கொணர்ந்த மின்னிணைப்பியைச் செருகாது, யாழ்ப்பாணக் கடையொன்றில் ஒன்பது வோல்ற்றுக்கு வேறொன்று வாங்கினோம். கருவி கொணரும் பழைய மாணவர் இதனை மறவற்க.)

அன்று பகல் முழுதும் வாசியாமலே, தெறித்துக் கை இறக்குவதை மட்டும் தம்பி பலமுறை செய்துபார்த்தார். நோக்காமற் கை சென்று விழும்வரை.

மாலையிற் பத்துப் பன்னிருவர் வந்திருந்தனர். விளக்கேற்றியபின் கொல்லிப் பண் எழுந்தது. முதற் பாட்டின் முதலடியில் வலக்கை சற்றுப் பிந்தி இறங்கியது. எதிரொலி அரைச் சொல்லுக்கே சேர்ந்தது. இரண்டாமடி தொட்டு இடர் இல்லை. ஈற்றுச் சுரம் நீண்டு, விறாந்தைத் தூண்களைக் கடந்து, வளவிற் பனைகளுக்கிடையே சென்று அடங்கும்வரை எவரும் அசையவில்லை. மூன்றாம் பாட்டின் இறுதியில் தாயார் கண்களை மூடியிருந்தார். சேக்கிழார் கூறும் தருமபுரத்து வரலாறு எம் நினைவுக்கு வந்தது: சம்பந்தரின் பாட்டு யாழில் அடங்காமை கண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை முறிக்க ஓங்க, பிள்ளையார் தடுத்தருளினார். மிடற்றுப் பாடல் முழுதும் நரம்பில் அடங்காது என்பதே அவ்வரலாறு. தந்தையாரின் குரல் அன்று முழுதும் வந்ததென்று யாம் சொல்லோம். ஈற்றுச் சொல் வந்தது.

“இன்னொருக்கால் வாசி, தம்பி” என்றார் தாயார். மூன்று பாட்டும் மீண்டும் நிகழ்ந்தன. இம்முறை முதலடியிலும் கை பிந்தவில்லை.

வேப்பம்பலகையைத் தம்பி உடைகளுக்கிடையே வைத்துக் கட்டினார். கம்பை மறுநாள் வாடகைக் கடையில் ஒப்படைத்தோம். குழவி அம்மிக்குத் திரும்பியது.