சிவப்புக் குறியின் சாட்சி

கம்ப்யூட்டர் டைரி எழுதும் என்று சொன்னால் என் அம்மா இன்னும் நம்ப மாட்டார். ஆனால், 1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தபோதே அந்தப் பழக்கம் வந்துவிட்டது. எந்த மென்பொருள் எத்தனை மணிக்குத் தடுமாறியது என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். அதைப் படிக்க உதவுவது 'ஈவென்ட் வியூவர்'. உரியவர் அனுமதித்தால், வெளியூர் கம்ப்யூட்டரின் டைரியையும் நம் மேஜையிலிருந்தே படிக்கலாம். பில்லிங் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எனக்குப் பாதி நாள் இதுதான் வேலை.

போன வருடம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருந்துக்கடையிலிருந்து போன். கூட்ட நேரத்தில் பில்லிங் திரை திடீர் திடீரென மறைகிறதாம்.

"இந்தப் புள்ளதான் மூடிப் போட்டுட்டு போனை நோண்டுது மேடம். மாசக் கடைசியோட வேற எடம் பாத்துக்கிடச் சொல்லிட்டேன்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. பக்கத்திலேயே அந்தப் பெண் நிற்பது எனக்குக் கேட்டது. "நான் தொடவே இல்ல அண்ணாச்சி..."

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

சென்னையிலிருந்து வி.பி.என். வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் போனேன். முதலில் 'சிஸ்டம்' பதிவு. கரன்ட் போய் மெஷின் அணைந்திருந்தால் அங்கே 6008 என்ற எண் இருக்கும். இல்லை. அடுத்து 'அப்ளிகேஷன்' பதிவு. நீல நிறத்தில் வழக்கமான தகவல்கள், நடுவில் மஞ்சளில் சில எச்சரிக்கைகள், அப்புறம் சிவப்புக் குறிகள். இரண்டு வாரத்தில் ஒன்பது. ஒன்பதிலும் ஒரே எண்: 1000.

இந்த எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. நாமாக ஒரு மென்பொருளை மூடினால் 1000 பதிவாகாது. அது தானாக நொறுங்கி விழுந்தால்தான் பதிவாகும். கூடவே, எந்தக் கோப்பில் இடறியது என்ற பெயரும் இருக்கும். அங்கே ஒன்பது முறையும் பில் பிரின்டரின் டிரைவர் பெயர்தான்! புது பிரின்டர் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டு வாரம் ஆகிறது என்றார். கூட்டம் சேர்ந்தால்தானே பில் அதிகம் அச்சாகும்!

நல்லவேளை, உடனே கூப்பிட்டார்கள். இந்த டைரிக்கு வழக்கமாக 20 எம்.பி.தான் இடம். நிரம்பிவிட்டால் பழையதை அழித்துவிட்டு மேலேயே எழுதும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் அந்த ஒன்பதும் கிடைத்திருக்குமோ என்னவோ.

ஸ்பீக்கரில் போடச் சொல்லி, தேதி, நேரத்தோடு ஒன்பதையும் வாசித்தேன். ஆறாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அன்னிக்கு எனக்கு லீவு அக்கா" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி... அந்தப் பிரின்டரை என்ன செய்யணும், சொல்லுங்க."

டிரைவரை மாற்றினேன். ஒரு வாரம் தினமும் எட்டிப் பார்த்தேன், சிவப்பு இல்லை. அதன் பிறகு, வெளியிலிருந்து பார்க்கும் அனுமதியை எடுத்துவிடச் சொன்னேன். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து போட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது.

அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, அதை நானே பார்க்க முடியுமா?"

ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டுவது முதல் சொல்லிக்கொடுத்தேன். நாலு மாதம் கழித்து அதே கடையிலிருந்து போன். "அக்கா, இன்னிக்கு 1002 வந்திருக்கு. திரை அப்படியே உறைஞ்சு நிக்குது."