விடுபட்ட எண்

கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன் நான். கணிதம் எனக்கு என்றுமே எட்டாத பாடம். ஆயினும் ஓர் எண் சில காலமாக என்னை விடாது தொடர்கிறது. 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இலக்கத்தில் எழுதினால் 293318625600.

தன்னிலும் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களைக் கணித மேதை ராமானுஜன் ஆராய்ந்தார். 12 அத்தகையது. 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் அதற்குண்டு. அதனிலும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய 102 எண்களை அவர் அட்டவணையிட்டார். அது முதலாம் உலகப் போர்க்காலம். இலண்டன் கணிதக் கழகத்தின் பண நெருக்கடியால் கட்டுரையின் எஞ்சிய பகுதி அப்போது அச்சேறவில்லை. 1997இலேதான் அது குறிப்புகளுடன் வெளிவந்தது.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருந்தது. மேலே நான் குறித்த எண்தான் அது. 64, 81, 25, 49, 11, 13, 17, 19 ஆகியவற்றைப் பெருக்க வருவது. 5040 காரணிகள் கொண்டது. அட்டவணையின் கடைசி எண்ணோ 6746328388800. ஒருநாள் கடதாசியில் பெருக்கிப் பார்த்தேன். விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு அது! இல்லாத எண் இறுதி எண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இது என்னை உறுத்துவதற்குக் காரணம் உண்டு.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கொப்பித் தாளில்கூட அச்சாகின. அப்போது ஒப்புநோக்கும் வேலை என்னுடையது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் சித்தியடைந்தோர் பட்டியல் ஒன்றில் எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லையென்று திருப்தியோடு கையொப்பமிட்டேன். மறுநாள் நெல்லியடிச் சந்தையடியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னை மறித்தார்.

"தம்பி, நீங்கள் வேணுமெண்டு விடேல்லை எண்டு தெரியும். ஆனால் பிள்ளை விடியத்தொட்டு தன்ரை பேரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்."

பிழையாக அச்சான எழுத்து கண்ணிற் குத்தும். விடுபட்ட பெயர் எந்தத் தடயத்தையும் வைப்பதில்லை. முன்பெயரும் பின்பெயரும் நெருங்கி நின்று இடைவெளியை மூடிவிடுகின்றன. மூலப்பிரதியோடு எண்ணிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். நான் எண்ணவில்லை.

மூன்றாம் நாள் ஒற்றை வரியில் திருத்தம் வந்தது. அதை அவள் பார்த்தாளா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

ராமானுஜனின் அட்டவணையில் இடம்பெறாததால் அந்த எண்ணின் 5040 காரணிகளில் ஒன்றும் குறையவில்லை. எண்கள் பொறுமையானவை, தம்மை யாரேனும் கண்டுகொள்ளும்வரை காத்திருக்கும். பத்து வயதுப் பிள்ளை அப்படியல்ல.

இன்றும் பட்டியலொன்று மேசைக்கு வந்தால், வாசிப்பதற்கு முன்னர் எண்ணிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த கணிதம் அவ்வளவுதான்.