மூணு பேருக்கு ஒரே கை

பேரிலிருந்தே தொடங்குவம். ‘பேட்டன் கைட்டோஸ்’ என்பதை முதலில் பார்த்தபோது, ஏதோ ஜப்பான்காரன் வாய்க்கு வந்தபடி கட்டிவிட்ட பேர் என்றுதான் எங்களில் நாலு பேரும் நினைத்தோம். ஐந்தாவது ஆள் கொஞ்ச வருசம் அரபு மத்ரசாவில் ஓதினவன். ஸ்கிரீனைப் பார்த்துட்டு, “இது ‘பத்ன்’தானேடா, வயிறு” என்றான். தேடிப் பார்த்தால் சரிதான். சீட்டஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிற ஒரு நட்சத்திரத்துக்கு அரபியிலிருந்து வந்த பேர் அது. கடல் மிருகத்தின் வயிறு, அதாவது திமிங்கிலத்தின் வயிறு. பிறகு கேமுக்குள்ளே போனால் ஊர்ப் பேர்களும் அப்படித்தான்: ஷெரத்தான், சாதல் சூத், மின்டாக்கா, அல்ஃபார்ட். எல்லாம் அரபு நட்சத்திரப் பேர்கள். அல்ஃபார்ட் என்றால் தனித்தது. (நாங்க ஓதுற ஃபர்ளு இல்லை, இது வேற ஃபர்து.) மற்றத் தீவுகளையெல்லாம் தன் கைக்குள்ளே போடப் பார்க்கிற பேரரசுக்கு அந்தப் பேர் வைத்திருக்கிறார்கள். கல்முனையில் இருந்துகொண்டு ஒரு ஜப்பானிய கேமின் வரைபடத்துக்கு அர்த்தம் சொல்ல முடிந்தது எங்களுக்குச் சும்மா ஒரு பெருமை.

நாங்க சொல்லவாறது அதன் இரண்டாம் பாகத்தைப் பற்றி: ‘பேட்டன் கைட்டோஸ் ஒரிஜின்ஸ்’. வெளிவந்தது இரண்டாவதாக, கதை நடக்கிறது முதல் பாகத்துக்கு 20 வருசம் முன்னால். மோனோலித் சொஃப்ட், ட்ரை-கிரசெண்டோ என்ற இரண்டு கம்பனிகள் சேர்ந்து செய்தது. 2006 பெப்ரவரியில் ஜப்பானில் வந்தது, அதே வருசம் செப்டெம்பர் கடைசியில் அமெரிக்காவில். வந்தது கேம்கியூபுக்கு. அந்த மெஷினின் காலம் முடியுற நேரம்; இரண்டு மாசம்கூட ஆகமுதல் நின்டெண்டோவின் ‘வீ’ கடைக்கு வந்துவிட்டது. புது மெஷினுக்குக் காசு சேர்க்கிறவன் பழைய மெஷினுக்கு ஏன் கேம் வாங்குறான்? ஐரோப்பாவுக்கு இந்தப் பாகத்தை அனுப்பவே இல்லை. எங்கட பக்கம் கேட்கவே வேண்டாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு கேம் என்றால் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து விளையாடுற பிளேஸ்டேஷன் கடைதான். அங்கே கிரிக்கெட்டும் புட்போலும்தான் ஓடும். கேம்கியூப் என்ற பெட்டியை இன்றுவரை நாங்க கண்ணால் கண்டதில்லை. 2023 செப்டெம்பரில் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் புதுப்பித்து ஸ்விட்சுக்கு விட்டார்கள், 2024இல் கம்பியூட்டருக்கும் வந்தது. டொலர் விற்கிற விலைக்கு ஒரு ஆள் தனியாக வாங்க முடியாது. ஐந்து பேர் காசு போட்டு ஒரு லெப்டொப்பில் போட்டோம்.

இது சீட்டால் சண்டை பிடிக்கிற கேம். இங்கேதான் வீட்டில் முதல் பிரச்சினை. எங்கட வீடுகளில் காசு வைத்தாலும் வைக்காட்டியும் சீட்டுக்கட்டு வாசல்படி தாண்டாது. ஒருத்தனின் உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தவ, ஸ்கிரீனில் வரிசையாக சீட்டு விரிஞ்சு கிடக்கிறதைக் கண்டுட்டு, “என்ன மனே, ஊட்டுக்குள்ள காட்ஸ் அடிக்கிறியளா?” என்றா. இது காட்ஸ் இல்லை, சூது இல்லை என்று விளங்கப்படுத்தப் போய்த்தான், இந்த கேமில் சீட்டு என்றால் என்ன என்று நாங்களே ஒழுங்காக யோசித்தோம்.

அந்த உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஒரு சாரம் உண்டு. அதை உறிஞ்சி ஒரு வெறும் சீட்டுக்குள்ளே அடைக்கலாம். அதுக்குப் பேர் மேக்னஸ். ஊற்றுத் தண்ணியை அடைக்கலாம், வாளை அடைக்கலாம். அடைத்த சாமான் சிலது நாள் போகப் போக மாறும், பழம் அழுகுற மாதிரி. “சாமானை மடிச்சுப் பொக்கட்டில வெக்கிற மாதிரி, உம்மா” என்று சொன்னோம். அவ நம்பினாவா தெரியாது, தேத்தண்ணியை வைத்துட்டுப் போனா.

முதல் பாகத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிச் சீட்டுக்கட்டு. ஒரிஜின்ஸில் அதை அப்படியே கலைத்துவிட்டார்கள். சாகி, கில்லோ, மில்லி என்று மூணு பேர். மூணு பேருக்கும் ஒரே கட்டு, ஒரே கை. சீட்டுக்கு எண் இருக்கும், சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு ஏறுவரிசையில்தான் இறக்கலாம். ஆயுதத்துக்கு பூச்சியம், மெல்லிய அடிக்கு 1, நடுத்தரத்துக்கு 2, பலத்த அடிக்கு 3, அதுக்கு மேலே அவரவருக்கே உரிய பெரிய அடிகள். பிரச்சினை என்னவென்றால் சாகியின் முறை வரும்போது கை நிறைய மில்லியின் சாமான் கிடக்கும். அவனுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. எறிஞ்சால் அவன் இப்போ தப்புவான், அடுத்த முறை மில்லி வெறுங்கையோடு நிற்பாள். வைத்திருந்தால் இவன் அடி வாங்குவான். நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும், யோசிச்சுக்கொண்டு நிற்க ஏலாது. அதே நேரம், ஒருவரின் அடி முடியமுதல் அடுத்தவரின் முறை வந்து சரியான சீட்டும் இருந்தால், அடி அறாமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும். அது ஒருக்கா சரியாக விழுந்தால் அறையே சத்தம் போடும்.

எங்களில் ஒருத்தன் கெம்பஸ் ஹொஸ்டலில் யாழ்ப்பாணத்துப் பெடியன்களோடு முந்நூற்றி நாலு பழகினவன். 32 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு எட்டு. ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று எல்லாத்தையும் கூட்டினால் 304. அதில் எதிரே இருக்கிற கூட்டாளியின் கையில் என்ன இருக்கு என்று உனக்குத் தெரியாது, அவன் போடுறதை வைத்து ஊகிக்க வேணும். ஒரிஜின்ஸ் இதுக்குத் தலைகீழ் என்றான் அவன். இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஆனால் போதாது. நல்ல சீட்டை யாருக்காக வைத்திருக்கிறது என்பதுதான் முழு விளையாட்டும். ஒரு சம்பளத்தில் மூணு பிள்ளைகள் படிக்கிற வீடு மாதிரி என்று இன்னொருத்தன் சொன்னான். அது சரியாகத்தான் பட்டது. பல சீட்டு கேம்களில் கட்டை எப்படிப் பலப்படுத்துறது என்றுதான் மண்டை ஓடும். இதில் ஒரு ஆளைப் பலப்படுத்தினால் மற்ற இரண்டு பேரும் மெலியுறார்கள். வேறு எந்த கேமும் எங்களை இப்படி யோசிக்க வைக்கவில்லை. 2006இல் இதைச் செய்தவர்களுக்குக் கிடைத்த கவனம் போதவே போதாது என்று நாங்க அடிச்சுச் சொல்றம்.

கதையும் அப்படித்தான். சாகிக்கு 15 வயசு. தாயையும் ஷெரத்தானில் இருக்கிற அநாதைப் பிள்ளைகளையும் பார்க்க வேணும் என்பதுக்காக அரசின் இரகசியப் படையில் சேர்கிறான். உழைக்கிறதுக்கு வேற வழி இல்லை. சக்கரவர்த்தியைக் கொல்லச் சொல்லி அனுப்புறார்கள். போனால் ஆள் ஏற்கனவே செத்துக் கிடக்கிறார், பழி சாகியின் தலையில் விழுகிறது. இந்த இடத்தில் இன்னொன்று சொல்ல வேணும். சாகிக்குள்ளே ஒரு காவல் ஆவி இருக்கு, அதுதான் விளையாடுற ஆள். அவன் அடிக்கடி ஸ்கிரீனைப் பார்த்து உன்னோடு பேசுவான், உன்னிடம் கேட்பான். ஆரம்பத்தில் உன் பேரைக் கேட்கும். ஐந்து பேர் இருக்கிறமே, யாருடைய பேரைப் போடுறது? கடைசியில் ஆங்கில எழுத்தில் ‘நாங்க’ என்று அடித்தோம். அதுக்குப் பிறகு சாகி கஷ்டம் வரும்போதெல்லாம் “நாங்க, நீ என்ன நினைக்கிறாய்?” என்ற மாதிரிக் கேட்பான்.

இனி வாறதைக் கதை தெரியாமல் விளையாட விரும்புறவர்கள் விட்டுட்டு அடுத்த பந்திக்குப் போங்க. முதல் பாகத்தில் மல்பெர்சியோ என்று ஒரு கெட்ட தெய்வம். உலகத்தையே அழிக்க வந்தது, அவ்வளவுதான் அங்கே சொல்வார்கள். ஒரிஜின்ஸ் ஆயிரம் வருசத்துக்கு முந்தைய காலத்துக்குள்ளே உன்னைக் கொண்டுபோய் விடும். அங்கே வைஸ்மேன் என்று ஒருவன் மனிசரை எல்லாம் உடம்பில்லாத சாரமாக மாற்றப் பார்க்கிறான், அதாவது மேக்னஸாக. அதை எதிர்த்து ஒரு கிராமத்துக் கூட்டாளிகள் சேர்ந்து, வேற வழியில்லாமல் இருட்டின் சக்திகளோடு பேரம் பேசித் தங்களையே கொடுக்கிறார்கள். அவர்கள்தான் பிறகு மல்பெர்சியோ. 2003இல் முதல் பாகத்தில் எல்லாரும் அடிச்சு விழுத்தின பிசாசுக்கு, 2006இல் ஒரு ஊரும் கூட்டாளிகளும் பேரும் இருக்கு என்று காட்டுறார்கள். இதைப் பார்த்த இரவு யாரும் கதைக்கவில்லை. ஊருக்கு ஊர் வேற வேற கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்க. ஒரே வருசத்தைப் பற்றி, ஒரே ரோட்டைப் பற்றி, இந்தப் பக்கத்து ஆள் ஒன்று சொல்வார், அந்தப் பக்கத்து ஆள் வேறொன்று சொல்வார். மத்ரசாவில் ஓதினவன் கனநேரத்துக்குப் பிறகு, “முதல் பாகத்த இனி எப்பிடிடா திரும்ப விளையாடுற?” என்று மட்டும் கேட்டான்.

குறை இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் கட்டில் சீட்டு காணாது, சண்டை இழுபடும். முதல் பாகத்து இடங்களைத் திரும்பவும் சுற்றவிடுவார்கள். சில பெரிய சண்டைகளில் நியாயமே இல்லாத அடி. புதுப்பித்த பதிப்பில் வேகத்தைக் கூட்டுற வசதி இருக்கிறதால் தப்பினோம். ஆனால் அதில் ஆங்கிலக் குரலை எடுத்துவிட்டார்கள், ஜப்பானியக் குரல் மட்டும்தான். எங்களுக்கு அது பெரிய நட்டமில்லை. எப்படியும் எழுத்தை வாசித்து ஒருத்தன் கல்முனைத் தமிழில் சத்தமாகச் சொல்லத்தான் மற்றவர்கள் கேட்டார்கள். கில்லோ ஒரு பழங்காலப் பொம்மை, ஆண் குரலும் பெண் குரலும் சேர்ந்து ஒரே நேரத்தில் பேசும். அதுக்கு இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டி வந்தது. சிரிப்பில் பாதி வசனம் போய்விட்டது.

முதல் பாகத்தை முடிச்சிட்டே இதுக்கு வாங்க. நீளம்தான், ஆனாலும் மல்பெர்சியோவை ஒருக்கா வெறுத்துட்டு வந்தால்தான் இது வேலை செய்யும்.

நாங்க இன்னும் முடிக்கவில்லை. கடைசிச் சண்டைக்கு முன்னால் சேவ் பண்ணின நேரம் எங்களில் ஒருத்தனுக்கு கட்டாருக்கு விசா வந்தது. கில்லோவின் பாதிக் குரல் அவன்தான். போற அன்று, “நான் லீவில வாறவரைக்கும் தொடாதீங்கடா மச்சான்” என்றான். லெப்டொப் மருதமுனையில் ஒருத்தனின் வீட்டில் இருக்கு. ஸ்கிரீனில் மூணு பேரும் நிற்கிறார்கள், கட்டில் கில்லோவின் சீட்டுகளைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.